வெயில் படாத துணி

துணி காயப்போட இடமிருக்குதான்னு கேட்டீங்க பாருங்க, இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால ஒத்தை வார்த்தையில பதில் சொல்ல முடியாதுங்க. உக்காருங்க. உங்க பொண்ணு ஆபீசுல பாரம் நெரப்பிட்டு வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அங்க இருக்கற கிளார்க்கு ஒவ்வொரு சர்ட்டிபிகேட்டுக்கும் ஒருக்கா கண்ணாடியக் கழட்டித் தொடைப்பாரு. மத்த அம்மாக்களெல்லாம் தண்ணி வருமா, சாப்பாடு எப்படி, போனு எத்தனை மணி வரைக்கும்னுதான் கேப்பாங்க. துணியப் பத்திக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்.

இடம் இருக்குதுங்க. மொட்டை மாடியில பன்னெண்டு கம்பி கட்டி வெச்சிருக்குது. சுடிதார், நைட்டி, பெட்ஷீட்டு எல்லாம் தாராளமாப் போட்டுக்கலாம். உள்ள போடற துணிய மட்டும் மேல ஒரு துண்டையோ உள்பாவாடையையோ போட்டு மூடித்தான் காயப்போடோணும். இது நான் கண்டுபுடிச்ச சட்டமில்லீங்க. உங்க வீட்டுலயும் அப்படித்தான? பாத்தீங்களா, தலையாட்டறீங்க. இதுக்குத்தான் நான் கெட்டவளாகிப் போனேன்.

இந்த லேடீஸ் ஹாஸ்டலுக்கு மேட்ரனா வந்து இருபத்திரண்டு வருசமாச்சு. காலேஜு பேரைச் சொன்னாத் தெரியாதவங்ககூட என் பேரைச் சொல்லி பழனாத்தா ஹாஸ்டல்னா, ஓ, அங்கயா, பயமில்லாம விடலாம்னு சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்ட என்னை, போன கார்த்திகையில, சாப்பாட்டு ஹால்ல நூறு புள்ளைங்க பாத்துட்டிருக்க, ஒரு பொண்ணு கைய நீட்டி, காவேரி படிப்பு போனதுக்கு நீங்கதான் காரணம்னு சொல்லிட்டா. அன்னைக்கு எனக்குச் சோத்துல கை வெக்க முடியலீங்க. என்னமோ இன்னைக்கு உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுது. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு.

மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். எனக்கு அசிங்கம்னா ஆகாது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை எப்படி வாச்சுதுன்னுதான் தெரியல.

முன்னூத்திப் பத்துப் பொண்ணுங்க இருக்கறாங்க இங்க. காலையில தலை சீவி, பொட்டு வெச்சு, கிளாசுக்குப் போறப்பப் பாத்தா அத்தனையும் கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருக்கும். அவங்க போனப்பறம் பாத்ரூமுக்குள்ள போயிப் பாருங்க. கருமங்க. தண்ணி போற சல்லடையில உருண்டை உருண்டையா மசுரு. ஷாம்பு கவரு செவுத்துல ஒட்டிட்டிருக்கும். கை கழுவற தொட்டியில முந்தாநேத்து மென்னு துப்புன முருங்கைக்காய்ச் சக்கை. அப்பறம் அது. அதுதானுங்க, மாசாமாசம் வர்றதுக்கு வெக்கற நாப்கின். காகிதத்துல சுத்தி டப்பாவுல போடோணும்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கறேன், யாரு படிக்கறா. எம்.எஸ்சி. படிக்கற பொண்ணு ஜன்னல் வழியா வீசிட்டுப் போறா. ஒரு நாள் நாய் தூக்கிட்டுப் போயி நம்ம காலேஜுப் பிள்ளையார் கோயில் படியில போட்டு வெச்சிருந்துச்சு, அதுவும் சதுர்த்தி அன்னைக்கு. பூசாரி எனக்குப் போன் பண்றாரு. அந்த மனுசனுக்கு அதைச் சொல்லவும் முடியல, சொல்லாம விடவும் முடியல. நான் போன்லயே புரிஞ்சுக்கிட்டு, இதா வந்துட்டனுங்கன்னு ஓடுனேன்.

போன ஆனியில கீழ்மாடிக் கக்கூசு மூணும் அடைச்சுக்கிச்சு. தோண்டறதுக்கு ஒரு ஆளு வந்தாரு. மூங்கில் குச்சிய விட்டுப் பாத்தாரு, ஆகல. அப்பறம் கையையே விட்டு இழுத்தாரு. ஒரு சாக்கு நெறைய வந்துச்சுங்க, ஊறி, உப்பி, பஞ்சு பஞ்சா. அவரு ஒருக்கா நிமுந்து என்னைப் பாத்தாரு, அவ்வளவுதான். ஒரு ஆம்பளை முன்னால இப்படி நிக்க வெச்சுட்டாளுகளேன்னு எனக்கு உசுரே போயிருச்சு. ரூமுக்கு வந்து வாந்தி எடுத்தேன். ரெண்டு நாள் தலைவலி.

அதுக்கப்பறந்தான் எரிக்கறதுக்குன்னு ஒரு மெஷினை வாங்கி, என் ரூமுக்குப் பின்பக்கத்துச் செவுத்துல மாட்டுனாங்க. அதுல போடறப்ப வர்ற நாத்தம் இருக்குதே, முடியும் பிளாஸ்டிக்கும் சேந்து கருகற நாத்தம், அதைச் சுவாசிச்சுட்டுத்தான் நான் தூங்கறேன். அதையும் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

இந்த நேரத்துலதான் வைஷாலி கெளம்புனா. பாட்டனி ரெண்டாம் வருசம். கோத்தகிரிப் பொண்ணு, அப்பா தேயிலை எஸ்டேட்டுல மேனேஜரு. என்னைக் கை நீட்டிப் பேசுனது அவதான். பசுமை மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சா. பிரின்சிபால் வந்து பிளாஸ்டிக்கை ஒழிப்போம்னு ஒரு பெரிய பேனருக்குக் கீழ நின்னு பேசுனாரு. பேசி முடிச்சதும் இவ மைக்கை வாங்கி, ஐயா, இந்தப் பேனரே பிளாஸ்டிக்குத்தாங்கன்னு சொல்லிட்டா. அவரு சிரிச்சு மழுப்பிட்டு எறங்கிப் போயிட்டாரு. அப்பவே எனக்குத் தெரியும், இவ வாய்க்குக் கதவு கெடையாதுன்னு.

சும்மா சொல்லக்கூடாதுங்க, ஆரம்பத்துல எனக்கு அவளைப் புடிச்சுத்தான் இருந்துச்சு. ஷவரையெல்லாம் மூடிட்டு குளிக்க ஆளுக்கு ஒரு பக்கெட்டுத் தண்ணின்னு கொண்டு வந்தா. மோட்டாரு ஓடற நேரம் பாதியாக் கொறைஞ்சுச்சு. காப்பிக்குப் பேப்பர் கப்பு வேண்டாம், ஆளாளுக்கு ஒரு சில்வர் டம்ளரு கொண்டாங்கடின்னா. தட்டுல மிச்சம் வெக்கற சோத்தையெல்லாம் ஒரே அண்டாவுல கொட்டி, ஹால் நடுவுல வெச்சுட்டா. அந்தச் சோத்தைப் பாத்து எனக்கே வயிறு எரிஞ்சுச்சு. எருக்குழி ஒண்ணு வெட்டுனா. வெட்டறதென்ன, யாரு வேணாலும் வெட்டலாம், கிண்டிவிடறது யாரு? மண்புழுவக் கண்டா பாட்டனிப் பொண்ணுங்களே பத்தடி தள்ளி நின்னு போட்டோ எடுக்கறாங்க. நானும் கூட்டிப் பெருக்கற ருக்குமணியுந்தான் மூக்கைக் கட்டிட்டுக் கிண்டுனோம். சரி போகுது, நல்ல காரியந்தானன்னு விட்டேன்.

அவ ரூமுல கூட இருந்தவதான் காவேரி. மொத வருசம், கணக்கு. பென்னாகரத்துக்கு அந்தாண்ட ஏதோ ஒரு ஊரு. அம்மா இல்ல, அப்பா செங்கச் சூளையில வேலை. அந்த ஊருல இருந்து காலேஜுக்கு வந்த மொத பொண்ணாம். அவ அப்பா கொண்டாந்து விடறப்ப, இவ வாத்தியாராகிருவா பாருங்கம்மான்னு எங்கிட்ட ரெண்டு தரம் சொன்னாரு. வாயத் தொறந்து பேச மாட்டா. கணக்குப் போடறதும் தைக்கறதுந்தான். கையில ஊசி இருந்தா அவளுக்குச் சோறு வேண்டாம்.

இந்த ரெண்டு பேரும் சேந்துட்டு என்ன பண்ணுனாங்கன்னா, பழைய வேட்டி, நூல்சேலை எல்லாத்தையும் வாங்கிட்டு வந்து, அதுல அந்த நாப்கினைத் தைக்க ஆரம்பிச்சுட்டாங்க. துணியிலீங்க. தொவைச்சுத் தொவைச்சுத் திரும்ப வெக்கறதுக்கு. ரெண்டு பக்கமும் மடிப்பு வெச்சு, டிச் பட்டன் வெச்சு, மேல பூப்போட்ட துணி குடுத்து. கடையில வாங்கறது மண்ணுல மக்கவே மக்காதாம், இது காலத்துக்கும் உபயோகமாம். நாப்பது பொண்ணுங்க வாங்கி வெச்சிருக்குதுக. எனக்கு இது எதுவும் தெரியாது. மெஷின்ல நாத்தம் கொறைஞ்சிருச்சே, அடைப்பு வரலியேன்னு சந்தோசமாத்தான் இருந்தேன்.

ஆவணியில ஒரு வெள்ளிக்கிழமை. அன்னைக்கு மதிப்பீட்டுக் குழு வருதுன்னு காலேஜே வெள்ளையடிச்சு நிக்குது. தண்ணித் தொட்டி மூடியிருக்குதான்னு பாக்க மாடிக்கு ஏறுனேன். ஏறுனவ அப்படியே நின்னுட்டேன். மூணு கம்பி நெறைய, வரிசையா கிளிப்புப் போட்டு, நல்ல உச்சி வெயில்ல, மேல ஒரு கர்ச்சீப்புக்கூட மூடாம, அதுக தொங்கிட்டிருக்குது. செகப்புல பூ, மஞ்சள்ல பூ. தொவைச்சுத்தான் இருந்துச்சு, இல்லீங்கல. தொவைச்சுட்டா? அது என்னன்னு தெரியாதா? எதுத்தாப்ல லைப்ரரிக் கட்டடம் கட்டறாங்க, சாரத்து மேல ஆம்பளையாளுங்க நிக்கறாங்க. அவங்க இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல, கலவை தூக்கிட்டிருந்தாங்க. ஆனா எனக்கு ஒடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊருன மாதிரி ஆயிருச்சு.

ருக்குமணியக் கூப்பிட்டு, அத்தனையும் அள்ளி மெஷின்ல போடுடின்னேன். அவ கம்பி பக்கத்துல போயி நின்னுட்டு, அக்கா, இது சுத்தமாத்தான இருக்குது, புள்ளைங்க பொழுதெல்லாம் உக்காந்து தைச்சதுன்னு இழுத்தா. போடுன்னா போடுன்னேன். நல்லா எரிஞ்சுச்சுங்க. அன்னைக்கு நாத்தங்கூட வரல, வெறும் துணி கருகற வாசந்தான்.

சாயங்காலம் வைஷாலி வந்தா. பின்னாலயே காவேரி, செவுத்தோட ஒட்டி நிக்கறா. நான் ஒண்ணும் கத்தலீங்க. இதெல்லாம் பொம்பளைங்க மறைவா வெச்சுக்கறது, மாடியில தோரணம் கட்டறது இல்லைன்னு சொன்னேன். அதுக்கு அவ,

"மேடம், அது நல்ல வெயில்ல காஞ்சாத்தான் கிருமி போகும். மூடி வெச்சுக் காயப்போடறதுக்கு இத தைக்காமயே இருந்திருக்கலாம்."

அப்படிங்கறா. கிருமி போறது இருக்கட்டும், நம்ம மானம் போறதுக்கு யாரு பதில் சொல்றதுன்னு கேட்டேன். அவ பிரின்சிபால்கிட்டப் போயிட்டா. என்னையும் கூப்பிட்டு விட்டாங்க. முப்பது வருசம் பிசிக்ஸ் சொல்லிக் குடுத்தவரு அவரு. இவ பீரியட்ஸ்னு ஆரம்பிச்ச ஒடனே மேசை மேல இருந்த காலண்டரை எடுத்து அடுத்த மாசத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கு அடுத்த மாசத்தையும் பாத்தாரு. இவ முழுசாப் பேசி முடிக்கற வரைக்கும் தலையத் தூக்கல. கடைசியில, இதெல்லாம் மேட்ரனம்மா பாத்துக்குவாங்கம்மா, எங்கிட்ட எதுக்குன்னு சொல்லி அனுப்பிட்டாரு. மானஸ்தன். குழுவுல வந்தவங்க எருக்குழியப் பாத்துட்டுப் பசுமை வளாகம்னு பாராட்டி எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க, அதைக் கண்ணாடி போட்டு வாசல்ல மாட்டியிருக்குது, வர்றப்பப் பாத்திருப்பீங்க.

அன்னையில இருந்து மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். காலையில ஏழு மணியில இருந்து எட்டு வரைக்கும் தொறப்பேன், சாயங்காலம் எடுக்கறதுக்கு ஒருக்கா. ரெண்டு வேளையும் நானே நின்னு பாப்பேன், எவ என்னத்தக் கொண்டாந்து போடறான்னு. பொண்ணுங்க மொனகுனாங்க. பத்து நாள்ல அடங்கிருச்சு. எல்லாரும் பழையபடி கடை நாப்கினுக்கே போயிட்டாங்க, மெஷின்ல பழைய நாத்தம் வந்துருச்சு. வைஷாலி ஏதோ ரப்பர்ல கிண்ணமாட்டம் ஒண்ணு தபால்ல வரவழைச்சுக்கிட்டா. அதை எப்படி வெக்கறதுன்னு ருக்குமணி சொல்ல வந்தா, நான் காதைப் பொத்திக்கிட்டேன்.

காவேரி மட்டுந்தான் எதுவும் பேசல. காலையில மாடிக்கு வருவா, ஒரு சுடிதாரு, ஒரு துண்டு. துண்டுக்கு அடியில உள்துணி இருக்கறதே தெரியாது, அப்படி மடிச்சு மூடியிருப்பா. நான் மத்தவளுககிட்டச் சொல்லுவேன், காவேரியப் பாருங்கடி, பொம்பளைப் புள்ளைன்னா இப்படி இருக்கோணும், அவளுக்குத் தூரம் வந்துச்சா இல்லையான்னு பக்கத்துக் கட்டில்காரிக்குக்கூடத் தெரியாதுன்னு. வாரத்துக்கு ஒருக்காவாவது சொல்லுவேன். அவ தலையக் குனிஞ்சுக்குவா. வெக்கப்படறான்னு நெனச்சு எனக்கு இன்னும் புடிச்சுப்போச்சு.

அவகிட்டக் கடை நாப்கின் வாங்க வழியில்லீங்க. அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் வாங்கித் தந்திருக்க மாட்டேனா? மெஷின்ல போட்டது போக நாலு துணி அவகிட்ட மிச்சமிருந்திருக்குது. அதையே மாத்தி மாத்தி வெச்சிருக்கறா. ராத்திரி தொவைச்சு, புழிஞ்சு, அலமாரிக்குள்ள உள்பாவாடைக்குப் பின்னால ஆணியடிச்சுத் தொங்கவிட்டிருக்கறா. கதவைச் சாத்திட்டா அலமாரிக்குள்ள காத்து எங்கிருந்து வரும்? கூட இருந்த வைஷாலிக்கே தெரியல. அவ கேட்டப்ப, நானும் கடையில வாங்கறேன் அக்கான்னு சொல்லியிருக்கறா.

ஐப்பசியில மழை புடிச்சுக்கிச்சு. பன்னெண்டு நாளு விடாத மழை. ஹாஸ்டல் முழுக்க ஈர வாடை, செவுத்துல எல்லாம் பூசணம். அப்பத்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. வயித்தைப் புடிச்சுட்டுச் சுருண்டு படுத்திருக்கறான்னு சொன்னாங்க. நானே கைத்தாங்கலா டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனேன், நனையாம கொடை புடிச்சு. அங்க இருக்கறது கம்பவுண்டர், ஆம்பளை. என்னம்மா பண்ணுதுன்னு கேட்டாரு. இவ என்னைப் பாத்தா. என் காதுகிட்ட வந்து, அடிவயிறு வலிக்குது மேடம், கெட்ட வாடையா வெள்ளை படுதுன்னு சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதைப் போயி அந்த மனுசன்கிட்டச் சொல்ல முடியுமாங்க? மெஸ்ஸுல காளான் பிரியாணி போட்டாங்க, வயித்துக்கு ஒத்துக்கலைன்னு நானே சொல்லிட்டேன். அவளும் ஆமான்னு தலையாட்டுனா. வயித்துப்போக்குக்கு மாத்திரை குடுத்தாரு. நான் சீரகத் தண்ணி வெச்சுக் குடுத்தேன், கஞ்சி குடுத்தேன். மூணு நாளு.

நாலாம் நாள் காலையில மாடிப்படியில விழுந்துட்டா. தொட்டா நெருப்பாட்டம் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல என் மடியிலதான் படுத்திருந்தா. அங்க இருந்தது சின்ன வயசு லேடி டாக்டரு. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அவகிட்டப் பேசுனாங்க. அப்பறம் என்னைக் கூப்பிட்டாங்க. கதவைக்கூடச் சாத்தலீங்க, அத்தனை சத்தமாப் பேசறாங்க. ஈரத் துணியவே மறுபடியும் மறுபடியும் வெச்சு, கிருமி மேல ஏறிப்போயி, கருக்குழாய்ல சீழ் கட்டிருச்சாம். ஒடனே அறுக்கோணுமாம். மூணு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரையில போயிருக்கும், எந்த மடையன் இவளுக்கு வயித்துப்போக்கு மாத்திரை குடுத்ததுன்னு கேட்டாங்க. கம்பவுண்டருன்னு சொன்னேன். வெயில்ல காயப்போடறதுக்கு உங்க ஹாஸ்டல்ல இடமில்லையான்னு கேட்டாங்க. இருக்குதுங்க, மாடி இருக்குதுன்னு சொன்னேன். பொய் இல்லைங்களே, மாடி இருக்குதுதான?

அந்த டாக்டருக்கு என் வயசுல பாதிதான் இருக்கும். உங்க காலத்துல எங்க காயப்போட்டீங்கம்மான்னு எங்கிட்டயே கேக்கறாங்க. மாட்டுக் கொட்டாயில, வெறகு அடுக்குக்குப் பின்னால, யாரு கண்ணுலயும் படாமத்தான் காயப்போட்டோம்னு சொன்னேன். எங்கம்மா அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க, பன்னெண்டு வயசுல. எனக்கென்ன ஆயிருச்சு? கல்லாட்டம் உக்காந்துட்டு இருக்கறேன். என்ன, வருசத்துக்கு நாலு தரம் அடிவயிறு வலிச்சுப் படுத்திருப்பேன், அது பொம்பளைக்கு இருக்கறதுதான். குழந்தை தங்கல. ஏழு வருசம் பாத்துட்டு அவரு வேற கட்டிக்கிட்டாரு, ரெண்டு பசங்க இருக்குதாம். அது சாமி எழுதுனது, அதுக்கும் இதுக்கும் என்ன. அதனாலதான் இந்த வேலைக்கு வந்தேன். இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டுட்டு அந்த டாக்டரு என்னவோ என்னையே பாத்துட்டு இருந்தாங்க, அப்பறம் எழுந்து ஆபரேசனுக்குப் போயிட்டாங்க.

ஒரு பக்கத்துக் குழாய எடுத்துட்டாங்க. இன்னொண்ணும் சந்தேகந்தானாம். பொழைச்சதே பெருசு. இருபது நாள் ஆஸ்பத்திரி. பரீட்சை போச்சு. மாத்துத்துணி எடுக்க அவ அலமாரியத் தொறந்தேன் பாருங்க, அந்த வாடை. ஐயோ, இப்ப நெனச்சாலும் குமட்டுதுங்க. ஆணியில நாலு துணி, பச்சையாப் பூசணம் புடிச்சு, தொட்டா சொதசொதன்னு. பக்கத்துலயே கணக்கு நோட்டு, அட்டை போட்டு, பேரு எழுதி, அத்தனை சுத்தமா அடுக்கி வெச்சிருக்கறா. இத்தனை சுத்தமான புள்ள இந்தக் கருமத்தை எப்படி உள்ள வெச்சுட்டுப் படுத்திருந்தாளோன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

அவங்க அப்பாவுக்குச் சொல்லி விட்டதும், சூளையில இருந்து நேரா வந்தாரு. கையெல்லாம் செம்மண்ணு. எம்புள்ளைக்கு என்னாச்சுங்கம்மான்னு என்னைத்தான் கேட்டாரு. பெத்த அப்பன்தான், இருந்தாலும் ஆம்பளை. என்னான்னு சொல்றது? சாப்பாடு ஒத்துக்காம குடல் புண்ணாகி, அதை எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். அவரு அப்படியே நம்பிட்டாரு. மெஸ்ஸு மாஸ்டர்கிட்டப் போயி, என்னய்யா போட்டீங்க எம்புள்ளைக்குன்னு கேட்டுட்டு அங்கயே உக்காந்து அழுதாரு. மாஸ்டரு இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல.

இங்கதான் வந்து நின்னுச்சு வெனை. காவேரி அடுத்த வருசம் வந்து திரும்பச் சேந்துக்கறேன்னு சொல்லியிருக்கறா. அவங்க அப்பா ஒரே புடியா நின்னுட்டாரு. படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இந்த ஹாஸ்டல் சோறு உன்னைக் கொன்னுபோடும்னுட்டாரு. இவளுக்கு அப்பன்கிட்ட வாயத் தொறந்து நெசத்தைச் சொல்ல முடியல. வைஷாலி எங்கிட்ட வந்து நிக்கறா. நீங்க சொல்லுங்க மேடம், உங்க வயசுக்கு அவரு கேப்பாரு, சாப்பாட்டால இல்லைன்னு மட்டுமாவது சொல்லுங்க, அவ படிப்பா மேடம்னு. நான் எப்படிங்க சொல்லுவேன்? சாப்பாடு இல்லைன்னா வேற என்னன்னு கேக்க மாட்டாரா? நாளைக்கு அவளைக் கட்டிக்குடுக்கோணும், ஊருக்குத் தெரிஞ்சா யாரு வருவா? அவ நல்லதுக்குத்தான் வாயக் கட்டிக்கிட்டேன். அதுக்குத்தான் வைஷாலி அன்னைக்கு ஹால்ல அத்தனை பேரு முன்னால அந்தப் பேச்சுப் பேசுனா. நான் தட்டைக் கழுவி வெச்சுட்டு ரூமுக்குப் போயிட்டேன்.

காவேரி ஊருக்குக் கெளம்பற அன்னைக்கு நான் வாசலுக்கு வந்தேன். அவங்க அப்பா பொட்டிய ஆட்டோவுல ஏத்திட்டிருந்தாரு, கணக்கு நோட்டையெல்லாம் ஒரு சாக்குல கட்டி. அவ ரொம்ப எளைச்சுப் போயிருந்தா. மெல்ல நடந்து வந்து என் கையப் புடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போனா. எனக்கு ரெண்டுதான் தோணுச்சு. ஒண்ணு, என்னைத் திட்டப் போறா. இல்லைன்னா, எங்கப்பாகிட்டச் சொல்லுங்க மேடம்னு கால்ல விழப் போறா. அவ அப்படிக் கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலீங்க. சொன்னாலும் சொல்லியிருப்பேன். அவ அதெல்லாம் ஒண்ணும் கேக்கல.

"மேடம், என் அலமாரிய நீங்கதான் சுத்தம் பண்ணுனீங்கன்னு ருக்குமணியக்கா சொன்னாங்க. அந்த அசிங்கத்தையெல்லாம் உங்களத் தொட வெச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க மேடம்."

இந்த வளப்பு இந்தக் காலத்துல எந்தப் புள்ளைக்குங்க வரும்? எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவ தலையத் தடவிக் குடுத்து, நீ அதை நெனச்சு வெசனப்படாத கண்ணு, நான் ஒண்ணும் வெறுங்கையில தொடல, பிளாஸ்டிக் கவரை மாட்டிட்டுத்தான் எடுத்தேன்னு சொன்னேன். அப்பத்தானுங்க அந்தப் புள்ள மொகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு.